சிந்தனை வரலாறு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடி, மனிதர்களின் கருத்துகள் எப்படி உருவாகின, ஊரையும் உலகத்தையும் எப்படி மாற்றின என்று படித்து வருகிறோம். புதிதாக ஒருவர் வந்தால் அதே ஏழெட்டுக் கேள்விகள் மறுபடியும் எழும். நேரில் கேட்டபோது பாதிக்கு உளறியிருக்கிறேன். அதனால் இங்கே உட்கார்ந்து யோசித்து எழுதுகிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

"சிந்தனை வரலாறுன்னா தத்துவ வரலாறுதானே? புதுப் பேர் வச்சிருக்கீங்களா?"

தத்துவ வரலாறு இதில் ஒரு பகுதி. அங்கே சங்கரர், இராமானுஜர், காண்ட் என்று பெரிய தலைகள் வரிசையாக வருவார்கள். இங்கே, "பையன் நேரத்தை வீணாக்குறான்" என்று ஓர் அம்மா அலுத்துக்கொள்வதும் ஆராய்ச்சிப் பொருள்தான். நேரம் என்பது கையிருப்பு மாதிரி, சேமிக்கலாம், விரயமாக்கலாம் என்ற எண்ணம் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. கடிகாரமும் ஆலைச் சங்கும் கூலிக்கணக்கும் வராத ஊரில் அப்படிச் சொல்லியிருப்பார்களா என்று கேட்டால், சிந்தனை வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

தனித் துறையாக இதற்கு ஒரு பிறந்த தேதி சொல்வதானால் 1940. அமெரிக்காவில் ஆர்தர் லவ்ஜாய் இதற்கென்றே ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். கருத்துகளை அணுக்களைப் போலப் பிரித்தெடுக்கலாம், ஒரே அணு நூற்றாண்டுகள் தாண்டிப் பயணம் செய்வதைப் பின்தொடரலாம் என்பது அவர் நம்பிக்கை. அதில் ஒரு கோளாறு உண்டு. அதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

"உண்மைன்னா எப்பவும் உண்மைதானே? அதுக்கு எப்படிங்க வரலாறு இருக்கும்?"

சுழியத்தை எடுத்துக்கொள்வோம். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் சுழியத்தோடு கூட்டுவதற்கும் கழிப்பதற்கும் பெருக்குவதற்கும் விதி எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி இந்திய எண்முறையை விளக்கி எழுதினார். 1202-இல் பீசா நகரத்து பிபொனாச்சி அதை இத்தாலிய வணிகர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1299-இல் ஃப்ளோரன்ஸ் நாணயமாற்று வணிகர் சங்கம் தன் கணக்கேடுகளில் இந்த எண்களுக்குத் தடை போட்டது! கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர்களுக்கு ஏமாந்துபோவோமோ என்ற பயம். எண்ணைத் திருத்துவது எளிது என்று தடைக்குக் காரணம் சொல்லப்படுவதுண்டு. அப்படியென்றால் ஒரு கணித உண்மை ஊருக்குள் நுழைய, காகிதமும் மையும் நம்பிக்கையும் அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது.

தமிழில் இன்னும் சுவையான நிலை. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் உண்டு. 2453 என்பதை ௨௲௪௱௫௰௩ என்று எழுதிவிடலாம். இடத்தை நிரப்ப ஒரு சுழியம் தேவைப்படவே இல்லை. தேவையில்லாத இடத்தில் மேதைகூட ஒன்றைக் கண்டுபிடிக்கத் தவிக்க மாட்டான். சொல் போன வழியையும் பாருங்கள்: சமஸ்கிருத சூன்யம் அரபியில் ஸிஃப்ர் ஆகி, ஐரோப்பாவைச் சுற்றி, நம் வகுப்பறையில் 'சைபர்' என்று வந்து உட்கார்ந்தது.

"எங்கிருந்து ஆரம்பிக்கிறது? பிளேட்டோவைப் படிக்கணுமா?"

வேண்டாம். தினம் பயன்படுத்தும் ஒரு சொல்லில் தொடங்குங்கள். 'நாகரிகம்' என்றால் இன்று சிந்துவெளி, கீழடி, நகர அமைப்பு என்று மனம் ஓடுகிறது. "பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்" என்ற குறள் 580-ஐத் திறந்தால், நஞ்சு ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும், பழகியவர் தருகிறாரே என்று முகம் முறியாமல் குடிக்கிறவரின் பண்பு அது. அதிகாரத்தின் பெயரே கண்ணோட்டம். ஒருவரின் நடத்தையைக் குறித்த சொல், முழு மக்கள்கூட்டத்தின் வளர்ச்சிப் படியைக் குறிக்கும் சொல்லாக எப்போது மாறியது, அந்த மாற்றம் யாருக்குத் தேவைப்பட்டது? இதைத் தேடப் போனாலே காலனிய காலத்துப் பள்ளிப் பாடநூல்கள் வரை போய்விடுவீர்கள்.

'கற்பு' இன்னொன்று. தொல்காப்பியக் கற்பியலின் முதல் நூற்பா அதற்குச் சொல்லும் இலக்கணம், கொடுப்பதற்குரியவர் கொடுக்க, சடங்கோடு தலைவன் தலைவியைக் கொள்வது. அதாவது களவுக்கு அடுத்த கட்டமான மணவாழ்க்கை. பெண்ணின் நிலையான உறுதி என்ற பொருளும் சங்கப் பாடல்களில் கூடவே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பொருளில் ஒன்று தேய்ந்து மற்றது ஊரையே எரிக்கும் ஆற்றலாக வளர்ந்தது ஒரு வரலாறு. 'சாதி' என்ற சொல்லையும் பாருங்கள். தொல்காப்பிய மரபியலில் அது 'நீர்வாழ் சாதி', மீனையும் முதலையையும் சேர்த்துச் சொல்லும் சொல்.

"'யாதும் ஊரே'ன்னு ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே சொல்லிட்டோம். அப்ப உலக சகோதரத்துவம் நம்ம கண்டுபிடிப்புதானே சார்?"

எங்கள் கூட்டத்தில் அதிகம் சண்டை வந்தது இந்தக் கேள்விக்குத்தான். முதலில் பாட்டை முழுக்கப் படியுங்கள், புறநானூறு 192. பதின்மூன்று அடி. நாம் சொல்வது முதல் அடியை மட்டும். மீதியில் என்ன இருக்கிறது? தீமையும் நன்மையும் பிறர் தந்து வருவதில்லை. சாவு புதிதில்லை. வாழ்வு இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுத்ததும் இல்லை. மின்னலோடு மழை கொட்டி, பாறையில் மோதி இரையும் பேராற்றில் நீர் போகும் வழியே போகும் தெப்பம்போல, உயிர் முறைவழியே போகும். அதைத் தெளிந்துவிட்டோம், "ஆகலின்" பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை.

அந்த 'ஆகலின்' என்ற சொல்தான் பாட்டின் கீல். வாதம் அதில்தான் திரும்புகிறது. பாட்டு போய்ச் சேரும் இடம் கடைசி இரண்டு அடி. முதல் அடி அதற்கான வாசல். எங்கள் கூட்டத்தில் நான் ஓயாமல் கேட்கும் ஒரே கேள்வி: இது யாருக்குச் சொன்ன பதில்? புறநானூற்றில் பெரும்பகுதி மன்னரையும் வள்ளலையும் வியக்கும் பாட்டு. புலவர்கள் பரிசில் தேடி ஊர் ஊராக நடந்த காலம். அந்தத் தொகுப்புக்குள் ஒருவர் எழுந்து "பெரியோரை வியத்தலும் இலமே" என்கிறார். எனக்கு இது புரவலர்களின் வாசலில் நின்று சொன்ன பதிலாகத்தான் கேட்கிறது. முறை, தெப்பம் என்ற பேச்சில் ஊழை முதலாக வைத்த ஆசீவகம் என்ற பழைய சமயத்தின் வாடை அடிக்கிறது என்பவர்களும் உண்டு.

நாடுகளுக்கு இடையே ஒற்றுமை என்ற பொருள் எப்போது ஏறியது? பாட்டு அச்சில் வந்ததே 1894-இல், உ.வே.சாமிநாதையர் பதிப்பில். தேசியங்களும் உலகப் போர்களும் ஐ.நா.வும் வந்த நூற்றாண்டில், 'எல்லோரும் ஒரே குடும்பம்' என்று சொல்ல ஒரு பழைய வாக்கு தேவைப்பட்டபோது இந்த அடி கைக்கு வந்தது. 2019-இல் ஐ.நா. பொதுச்சபையில் இந்தியப் பிரதமரின் உரையிலும் ஒலித்தது. தேசம் என்ற எல்லை இன்றைய பொருளில் இல்லாத காலத்தவர் அந்த எல்லையைத் தாண்டச் சொன்னார் என்று கணியனுக்குப் பட்டம் கட்டினால், அவர் உண்மையில் சொன்ன துணிச்சலான விஷயத்தை நாம் கேட்காமலே போகிறோம்.

"அப்போ பழசை எடுத்து இன்னைக்குப் பயன்படுத்தவே கூடாதா?"

தாராளமாகப் பயன்படுத்துங்கள். எல்லா ஊரிலும் அதைத்தான் செய்கிறார்கள். பயன்படுத்துகிறோம் என்று தெரிந்து பயன்படுத்தினால் போதும்.

"கருத்து சமூகத்தை மாத்துதா, சமூகம் கருத்தை மாத்துதா? சுத்தி வளைக்காம ஒண்ணைச் சொல்லுங்க."

மனிதரின் இருப்புதான் அவர்கள் உணர்வைத் தீர்மானிக்கிறது என்று 1859-இல் மார்க்ஸ் எழுதினார். முதலாளியத்தின் மனப்பாங்கு வளரச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் கடும் ஒழுக்கம் கைகொடுத்தது என்று 1904, 1905-இல் வெபர் எழுதினார். இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் ஆயிரம் கட்டுரை உண்டு. ஒரு நிகழ்வை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

பிரிட்டன் 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. மனசாட்சி எழுந்தது, குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் மனுக்களோடு நின்றார்கள், 1791-இலேயே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையைத் தேநீரில் போடாமல் விட்டன என்பது ஒரு கதை. பின்னாளில் டிரினிடாட் பிரதமரான எரிக் வில்லியம்ஸ் 1944-இல் வேறு கதை சொன்னார்: மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையின் காலம் முடிந்துகொண்டிருந்தது, அதனால்தான் மனசாட்சிக்கு வழி கிடைத்தது. இல்லை, வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது என்று அதற்கு மறுப்பும் வந்தது. சண்டை இன்னும் ஓயவில்லை.

சட்டத்துக்குள் போய்ப் பார்த்தால் இரண்டு கையும் தெரியும். நட்ட ஈடாக 2 கோடி பவுண்டு கொடுத்தார்கள், அடிமைகளுக்கு அன்று, உடைமையாளர்களுக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலங்களும் இலங்கையும் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டன. இந்தியாவுக்கு என்று தனிச் சட்டம் வர 1843 ஆனது. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1834-இல் மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களில் இந்திய ஒப்பந்தக் கூலிகள் போய் இறங்கினார்கள். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கூலிகளோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. இலங்கை மலைத்தோட்டங்களுக்குக் கங்காணி வழியாக ஆள் போனது. 'ஒருவனை இன்னொருவன் உடைமையாக வைத்திருக்கக்கூடாது' என்ற கருத்து வென்றதுதான். ஆனால் 'விரும்பிக் கைநாட்டு வைத்தவன் சுதந்திரமானவன்' என்ற துணைக் கருத்தும் அதன் தோளில் ஏறி வந்தது. ஆகவே ஒன்றைச் சொல்லச் சொன்னால் என் பதில்: எப்போது மாறும் என்பதில் லாபநட்டத்துக்குப் பெரிய கை உண்டு. எந்த உருவத்தில் மாறும் என்பதில் கருத்துக்குப் பெரிய கை உண்டு.

"பெரியார் வந்தார், மாறிச்சு. இதுல ஆராயறதுக்கு என்ன இருக்கு?"

அவருக்கு முன்னால் யார் பேசினார்கள் என்பது இருக்கிறது. சென்னை லௌகிக சங்கம் என்று ஓர் அமைப்பு 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற இதழை நடத்தி, கடவுள், சாதி, விதவை மணம் எல்லாவற்றையும் தமிழில் வாதிட்டார்கள். லண்டனில் பிராட்லா நடத்திய மதச்சார்பற்றோர் சங்கத்தோடு அவர்களுக்குத் தொடர்பு உண்டு. அயோத்திதாசர் 1898-இல் கொழும்பு போய்ப் பௌத்தம் தழுவி, 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அவர் நாத்திகம் பேசவில்லை. நம் முன்னோர் பௌத்தர்கள், சாதி பின்னால் வந்த சதி என்று வரலாற்றை மாற்றி எழுதினார். 1925-இல் 'குடி அரசு' வந்தபோது, கேட்கப் பழகிய காதுகள் கொஞ்சம் இருந்தன. இதனால் பெரியாரின் உயரம் குறைந்துவிடாது. முன்னவர்கள் எட்டாத ஊர்களுக்கு அவர் எப்படி எட்டினார் என்ற நல்ல கேள்வி இப்போதுதான் பிறக்கிறது.

அதற்குப் பதில் பாதி நடைமுறையில் இருக்கிறது. சுயமரியாதை என்ற கருத்தைக் கட்டுரையாக மட்டும் விடாமல் கல்யாணமாக மாற்றினார்கள். புரோகிதர் இல்லாமல், மேடையில் பேச்சோடு, ஊரே பார்க்க. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. 1967-இல் மாநில அரசு திருத்தச் சட்டம் கொண்டுவந்து, முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்றாக்கியது. நாற்பது ஆண்டு அந்த வீடுகளில் தாலி, சொத்து, 'உங்க அப்பா அம்மா கல்யாணம் செல்லுமா' என்ற ஏச்சு எல்லாம் ஒரு கருத்தின் பாரத்தைச் சுமந்திருக்கின்றன. நம் வீடுகளில் முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டிய வரலாறு இது.

"பரிணாம வளர்ச்சின்னா முன்னேற்றம்தானே? கருத்தும் நாளாக ஆக நல்லாத்தானே ஆகும்?"

ஆகாது. சூரியனைப் பூமி சுற்றுகிறது என்று கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சாமோஸ் தீவு அரிஸ்டார்க்கஸ் சொன்னார். கோப்பர்நிக்கஸின் நூல் 1543-இல் வந்தது. நடுவில் பதினெட்டு நூற்றாண்டு.

புதிய கருத்து கெட்ட கருத்தாகவும் இருக்கலாம். குற்றம் பிறவியிலேயே வருகிறது, தச்சன் மகன் தச்சன் ஆவதுபோல் திருடன் மகன் திருடன் என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டு அதிகாரிகளுக்கு நவீன அறிவாகத் தோன்றியது. விளைவு 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிரமலைக் கள்ளர் ஊர்களில் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். ஆண்களின் கைரேகையைப் பதிவு செய்து, இரவில் போலீஸ் நிலையத்தில் வந்து படுக்க வைத்தார்கள். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் ஒழிந்தது. இன்றும் போலீஸ் நிலையத்தில் சில சாதிப்பெயர்களைச் சொன்னதும் புருவம் உயருகிறது என்றால், சட்டம் போன பின்பும் கருத்து சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது.

"எழுதப் படிக்கத் தெரியாதவங்க என்ன நினைச்சாங்கன்னு எப்படித் தெரியும்? பெரிய ஆளுங்க எழுதினது மட்டும்தானே மிச்சம்?"

வழக்குப் பதிவுகளில் தெரியும். இத்தாலியின் வடகிழக்கில் ஃப்ரியூலியில் மெனோக்கியோ என்ற மாவரைக்கும் ஆலைக்காரர் இருந்தார். எல்லாம் குழம்பிக் கிடந்தது, பாலிலிருந்து பாலாடைக்கட்டி திரள்வதுபோல உலகம் திரண்டது, கட்டியில் புழு வருவதுபோலத் தேவதூதர்கள் வந்தார்கள் என்றார். திருச்சபை விசாரணை மன்றம் இரண்டு முறை விசாரித்து 1599-இல் கொன்றது. அவர் படித்த புத்தகங்கள் சில. அந்தப் பாலும் புழுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவருடைய அடுக்களையில் இருந்தன. விசாரித்தவர்கள் ஒரு சொல் விடாமல் எழுதி வைத்ததால் கிடைத்தார். கொடுமைக்காரர்களின் குமாஸ்தாவுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

நமக்குக் கல்வெட்டு, ஒப்பாரி, பழமொழி உண்டு. பெர்சிவல் பாதிரியார் 1874-இல் பதிப்பித்த தொகுப்பில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் பழமொழிகள். சிக்கல் என்னவென்றால் பழமொழிக்கு வயது தெரியாது, எதிரெதிராகவும் பேசும். எந்தச் சண்டையில், யார் வாயில் அது வந்தது என்று தெரியாதவரை நான் அதை வைத்து 'மக்கள் நம்பினார்கள்' என்று எழுத மாட்டேன்.

"ஆசீவகர்கள் எழுதினது எதுவுமே இல்லை, எதிரிங்க எழுதினதுதான் இருக்குங்கிறீங்க. அதை எப்படி நம்பறது?"

நியாயமான சந்தேகம். நமக்குக் கிடைக்கும் ஆசீவகம் பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் 27-ஆம் காதையில் வஞ்சி நகரில் பேசும் ஆசீவகவாதி, சமண நூலான நீலகேசியில் தோற்கும் ஆசீவகர், சைவ நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம், இவர்கள் காட்டும் ஆசீவகம். தோற்கடிக்கத்தான் அவர்களைப் பேச வைக்கிறார்கள்.

ஆனாலும் ஒரு சாதகம். நம் வாத மரபில் எதிராளியின் கட்சியை முதலில் முழுதாக எடுத்து வைக்க வேண்டும். அதைப் பொம்மையாக்கினால் சபை சிரிக்கும். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் பரபக்கம் என்று ஒரு பாதி நூலையே அதற்கு ஒதுக்கினார். ஒன்றுக்கொன்று பகையான மூன்று சமயத்தாரும் ஒரே செய்தியைச் சொன்னால், உதாரணமாக எல்லாம் அணுக்களால் ஆனது என்ற அணுக்கொள்கை, அதை நம்பலாம். ஒருவர் மட்டும் சொல்லும் கேலியைத் தள்ளி வைக்கலாம். 'இதெல்லாம் வெளிநாட்டுப் பாடம்தானே' என்று இன்னொருவர் கேட்பார். அவருக்கும் இதுவே பதில்: துறையின் பெயர் புதிது, பிறர் கருத்தை வரிசைப்படுத்தி எடைபோடும் வேலை பழையது.

"நான் யாழ்ப்பாணத்தில இருக்கிறன். இதுக்கெண்டு மூலங்கள் எங்க பாக்கலாம்? படிச்சா வேலை கிடைக்குமோ?"

2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் இதழ்களும் மலர்களும் வீட்டிலிருந்தே கிடைக்கும். சென்னை வந்தால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உ.வே.சா. நூலகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உண்டு. பழைய இதழில் கட்டுரையைவிட விளம்பரத்தையும் வாசகர் கடிதத்தையும் முதலில் பாருங்கள்.

வேலை? இந்தப் பெயரில் பட்டம் பெரும்பாலும் இங்கே இல்லை. வரலாறு, தமிழ், அரசறிவியல் துறைகளுக்குள் இதைச் செய்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் மின்வாரியம், ஒருவர் தையல்கடை.

"எல்லாக் கருத்துக்கும் 'யாருக்குப் பதில்'னு கேக்கறீங்க. இந்த முறையும் ஒரு கருத்துதானே? இது யாருக்குப் பதில்?"

கல்லூரி மாணவி ஒருவர் கேட்டது. அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இது லவ்ஜாய்க்குச் சொன்ன பதில். 1969-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த குவென்டின் ஸ்கின்னர், அணுபோல மாறாமல் பயணம் செய்யும் கருத்து என்று ஒன்று கிடையாது, ஒருவர் ஒரு வாக்கியத்தால் அன்று என்ன செய்தார் என்றே கேட்க வேண்டும் என்றார். அதற்குப் பின்னணியில் வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட்டின் வேலை இருந்தது. ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கின் அரசியல் நூல் 1689-இல் வெளியானதால், முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் மன்னரை நீக்கிய புரட்சிக்கு அது நியாயம் கற்பித்தது என்று எல்லோரும் படித்துவந்தார்கள். பெரும்பகுதி 1680-ஐ ஒட்டியே எழுதப்பட்டுவிட்டது என்று லாஸ்லெட் காட்டினார். அதே வாக்கியங்கள், நடந்து முடிந்ததற்குச் சமாதானமாக இருந்தவை, நடக்கப்போவதற்கு அறைகூவலாக மாறிவிட்டன.

கவனியுங்கள், எல்லாம் தேதியில் நிற்கிறது. இங்கிலாந்தில் பத்தாண்டு நகர்ந்தாலே பொருள் புரளுகிறது. சங்கப் பாடலுக்கு நாம் நூற்றாண்டுக் கணக்கில் முன்னும் பின்னும் இழுக்கிறோம். கணியன் பாட்டு புரவலர்களுக்குச் சொன்ன பதில் என்று மேலே அடித்துச் சொன்னேனே, புறநானூற்றில் அதற்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் பாடல்கள் அவர் காதில் விழுந்தவைதாமா, தொகுத்தவர் பின்னால் கொண்டுவந்து அருகில் வைத்தவையா என்று அந்த மாணவி அடுத்த மாதம் வந்து கேட்டார். அதன் பிறகு நான் அந்தப் பாட்டைக் கூட்டத்தில் எடுக்கும்போது அவரையே முதலில் பேசவிடுகிறேன்.